நல்ல தண்ணியில் நீலம் ஏறாது

கேள்வி: பெருந்துறைப் பக்கம் ஒரு சிறிய லேபில் டெக்னீஷியனாக இருக்கிறேன். போன மாதம் புதுக் கட்டடத்துக்கு மாறினோம். அதிலிருந்து ஹெச் அண்ட் இ ஸ்லைடுகளில் (நியூக்ளியஸுக்கு ஹீமடாக்ஸிலின், மற்றதற்கு இளஞ்சிவப்பு ஈயோசின் என்று திசுவுக்கு இரண்டு சாயம் ஏற்றுவது) நியூக்ளியஸ் நீலமாக வராமல் செவ்வூதாவாகவே நிற்கிறது. புது ஹீமடாக்ஸிலின் வாங்கியும் அதே கதைதான். தண்ணீரில் அமோனியா கலந்து பார்த்தேன். நீலம் வந்தது, ஆனால் மெல்லிய திசுச் சீவலான செக்‌ஷன் கழன்று மிதக்கிறது, ஈயோசினும் வெளிறிப் போகிறது. இங்கே எல்லாக் குழாயிலும் ஆர்ஓ தண்ணீர் (உப்பை வடிகட்டி எடுத்தது). பழைய இடத்தில் போர் தண்ணீர்.

பதில்: விடையை நீங்களே கடைசி வரியில் எழுதிவிட்டீர்கள். ஹீமடாக்ஸிலின் மேல் பழி இல்லை.

நம் கொங்குப் பக்கம் வீட்டில் இரண்டு தண்ணி இருக்கும். குடிக்கவும் குழம்பு வைக்கவும் நல்ல தண்ணி. சோப்பு நுரைக்காத, குழாய் முனையில் வெள்ளையாகப் படிகிற உப்புத் தண்ணி மற்ற வேலைக்கு. திசுக்களைப் பார்க்கும் ஹிஸ்டாலஜி லேபில் மட்டும் இந்த மரியாதை தலைகீழ். ஹீமடாக்ஸிலினில் சாயம் அலுமினியத்தோடு சேர்ந்து நிற்கிறது. அமிலத்தில் அது சிவப்பு, காரத்தில் நீலம். போர் தண்ணியில் இருக்கும் பைகார்பனேட் அந்தக் காரத்தை இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஆர்ஓ அதை வடிகட்டி எடுத்துவிடுகிறது. போதாக்குறைக்குக் காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடு கரைந்து, அந்தத் தண்ணீர் லேசாக அமிலப் பக்கமே சாய்கிறது.

நம்பிக்கை இல்லையென்றால் ஒரு சோதனை. பழைய குடல்வால் பிளாக் (மெழுகில் பதித்த திசு) ஒன்றில் இரண்டு செக்‌ஷன் வெட்டி, இரண்டையும் ஒரே மாதிரி ஸ்டெயின் செய்து, ஆசிட் ஆல்கஹாலில் (மிகுதிச் சாயத்தைக் கழற்றும் அமிலக் கரைசல்) ஒரே அளவு முக்கி எடுங்கள். ஒன்றை ஆர்ஓ தண்ணீரிலும் மற்றதைப் பழைய இடத்துப் போர் தண்ணீரிலும் ஐந்து நிமிடம் வையுங்கள். முதலாவது நாவல்பழக் கறை மாதிரியே கிடக்கும். இரண்டாவது கண்ணெதிரே நீலத்துக்குத் திரும்பும்.

அதற்காகத் தினமும் கேனில் போர் தண்ணி சுமக்க வேண்டாம். ஸ்காட் கரைசல் தயாரித்துக்கொள்ளுங்கள்: 1 லிட்டர் தண்ணீரில் சோடியம் பைகார்பனேட் 3.5 கிராம், மக்னீசியம் சல்பேட் 20 கிராம். வீட்டு மொழியில் ஆப்ப சோடாவும் பேதி உப்பும்தான். ஆனாலும் மளிகைக் கடையில் வாங்காதீர்கள், லேப் தரத்தில் வாங்குங்கள். ஆசிட் ஆல்கஹாலுக்குப் பிறகு தண்ணீரில் அலசி, இதில் ஒன்றிரண்டு நிமிடம் வைத்தால் போதும். கரைசலை அடிக்கடி மாற்றுங்கள். ஸ்லைடோடு ஒட்டி வரும் அமிலம் அதன் காரத்தைத் தின்றுவிடும்.

அமோனியா தப்பான மருந்தல்ல, உங்கள் அளவுதான் தப்பாக இருக்கும். லிட்டருக்கு 2 முதல் 3 மில்லிக்கு மேல் வேண்டாம். கண்ணளவில் ஊற்றினால் காரம் கூடி, செக்‌ஷனின் பிடி விட்டுப்போகும். ஈயோசின் வெளிறியதும் அதனால்தான். அதற்கு லேசான அமிலம் வேண்டும், pH 5 பக்கம். காரம் சொட்டச் சொட்ட ஸ்லைடை உள்ளே விட்டால் எப்படி ஏறும்? எந்தக் கரைசலில் நீலமாக்கினாலும், ஈயோசினுக்கு முன் தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் அலசுங்கள். இந்த அலசலுக்கு உங்கள் ஆர்ஓ தண்ணீர் அருமையானது. ஈயோசினிலும் ஒரு சொட்டு அசிட்டிக் அமிலம் விட்டுப் பாருங்கள்.

அமோனியாவை நிறுத்தியும் கழன்றால், ஸ்லைடு சரியாகக் காயவில்லை என்று பொருள். நிமிர்த்தி வைத்துத் தண்ணீர் வடிந்த பிறகே 60 டிகிரி ஓவனில் அரை மணி நேரம் வையுங்கள். ஓடும் குழாய்க்கு நேராகவும் பிடிக்காதீர்கள்.

அப்புறம் ஒன்று. நீலமாக்கியதும் ஈயோசினுக்கு ஓடாமல், ஸ்லைடின் அடிப்பக்கத்தைத் துடைத்து ஈரத்தோடு மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பாருங்கள். நியூக்ளியஸ் இன்னும் சிவந்திருந்தால் அப்போதே ஸ்காட்டுக்குத் திரும்பிவிடலாம். டிபிஎக்ஸ் பசை போட்டுக் கண்ணாடியால் மூடிய பிறகு தெரிந்தால், சைலீனில் ஊறவைத்துக் கவர் ஸ்லிப்பைக் கழற்றுவதற்குள் அன்றைய பாதி நாள் போய்விடும்.