'எஸ்' எங்கே வரும், எங்கே வராது?

பரந்தனில் இருந்து ஒரு தாய் கேட்கிறார்: "மகள் இந்த வருஷம் ஓ.எல் பரீட்சை எடுக்கிறாள். 'மை ஃபாதர் வேர்க்' என்று எழுதினால், எஸ் போடு என்கிறார் ரீச்சர். மறுநாள் எஸ் போட்டதற்கும் பிழை போடுகிறார். டவுனில் 30 நாளில் 12 டென்ஸும் படிப்பிக்கிற வகுப்பு ஒன்று இருக்கிறது. சேர்க்கவா?"

வேண்டாம் அம்மா. மகளுக்குத் தடக்குவது ஆங்கில வினைச்சொல்லின் கடைசியில் வரும் ஒரே ஒரு எழுத்து, எஸ். அதற்கு 12 டென்ஸ் தேவையில்லை.

ஐ, யூ, வீ, தே வந்தால் வினைச்சொல் அப்படியே நிற்கும்: ஐ வேர்க், தே வேர்க். ஹீ, ஷீ, இட் வந்தால் மட்டும் வேர்க்ஸ். 'மை ஃபாதர்' இருக்கும் இடத்தில் ஹீ போடலாம், ஆகவே வேர்க்ஸ். 'மை பேரன்ட்ஸ்' என்றால் தே, எஸ் இல்லை. எங்கள் பிள்ளைகள் அப்பா, அதிபர் என்று வந்ததும் மரியாதைக்காக எஸ்ஸை விட்டுவிடுகிறார்கள். ஆங்கில வினைச்சொல்லில் மரியாதை கிடையாது. அதிபருக்கும் எஸ்தான், ஆட்டுக்கும் எஸ்தான்.

சரி, எஸ் போட்டும் ஏன் பிழை? பெரும்பாலும் அது 'இல்லை' என்ற வசனமாகவோ கேள்வியாகவோ இருந்திருக்கும். 'ஹீ டஸ் நொட் வேர்க்', 'டஸ் ஹீ வேர்க்?' இரண்டிலும் எஸ் 'டஸ்'ஸுக்குள் போய்விட்டது. திரும்பவும் வேர்க்ஸ் என்று எழுதினால் பிழைதான். 'ஹீ இஸ் வேர்க்' என்று ஒன்று கிடையவே கிடையாது. இப்போது நடக்கிற வேலைக்கு 'ஹீ இஸ் வேர்க்கிங்'.

ஒன்றில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். 'எவ்ரிவன்' என்றால் எல்லாரும். எல்லாரும் வேலை செய்கிறார்கள் என்றுதானே சொல்கிறோம், ஆகவே 'எவ்ரிவன் வேர்க்' என்று பிள்ளை எழுதும். சரியானது 'எவ்ரிவன் வேர்க்ஸ்'. எவ்ரிபடி, நோபடி, சம்வன், ஈச் ஸ்டூடன்ட் எல்லாம் இதே மாதிரி. ஆனால் 'ஆல் த ஸ்டூடன்ட்ஸ்' என்றால் வேர்க். எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்து இதை எழுத முடியாது, பாடமாக்கத்தான் வேண்டும்.

இனி அந்த வகுப்பு. இப்படியான இடங்களில் காசை முதலே வாங்குவார்கள், போட்டோக்கொப்பி அட்டவணை ஒன்றைக் கையில் தருவார்கள், கடைசியில் சான்றிதழ். அந்தச் சான்றிதழால் ஓ.எல் புள்ளி ஒன்றும் கூடாது. மூன்றாம் தரத்திலிருந்து ஆங்கிலம் படிக்கிற பிள்ளை பதினோராம் தரத்தில் இந்த எழுத்தில் தடுமாறுவது பிள்ளையின் குற்றமே இல்லை. வன்னிக்கு வரும் ஆங்கில ஆசிரியர் இடமாற்றம் எடுத்துப் போனால் அந்தப் பாடவேளை சும்மாவே கழிகிறது. கேட்டால் "ஆள் வரும்" என்கிறார்கள். வராத ஆளுக்காகப் பிள்ளையின் பரீட்சை காத்திருக்குமா?

ஆகவே வீட்டிலேயே தொடங்குங்கள். அப்பா தினமும் காலையிலிருந்து என்னென்ன செய்கிறார் என்று இரவில் மகள் ஐந்து வசனம் எழுதட்டும். அதையே 'தே' போட்டு ஒருமுறை, 'டஸ் நொட்' போட்டு ஒருமுறை மாற்றி எழுதட்டும். இலவசமாகக் கிடைத்த பாடப் புத்தகமும் ஒரு கொப்பியும் போதும். கொப்பியைக் கிழமைக்கு ஒருதரம் அதே ரீச்சரிடம் காட்டச் சொல்லுங்கள்.