கேள்வி – பதில்: மூடிய அடுப்பும் கறுத்த கண்ணாடியும்

கேள்வி: மொன்றியலுக்கு வடக்கே பழைய வீடொன்றை வாங்கி இது எங்களுக்கு இரண்டாவது குளிர்காலம். வீட்டோடு ஓர் இரும்பு விறகடுப்பும் கிடைத்தது. சென்ற பனிப்புயலின்போது இரண்டு நாள் மின்சாரம் இல்லாமல் அதை நம்பித்தான் இருந்தோம். இரவில் நெருப்பு அணைந்துவிடக்கூடாது என்று என் கணவர் அடுப்பை விறகால் நிரப்பி, காற்று வரும் வழியை முழுவதும் மூடிவிட்டுப் படுப்பார். விடியும்போது அடுப்பின் கண்ணாடி தார் பூசியதுபோல் கறுத்திருக்கும்; வீடெங்கும் புளித்த புகை மணம் இருக்கும். மாமியோ, “மூடி வைத்தால்தான் காலை வரை தணல் கிடக்கும், ஊரில் நாங்கள் அப்படித்தான் செய்தோம்” என்கிறார். எனக்கு மட்டும் பயமாக இருக்கிறது.
– வாசகி, கியூபெக்

பதில்: உங்கள் பயம் நியாயமானது. மாமி சொல்வதும் பொய்யல்ல. ஆனால் அவர் சாம்பலால் மூடி வைத்தது தணலை, உங்கள் கணவர் மூடி வைப்பது புது விறகை. தணலிலிருந்து புகையாகக்கூடியதெல்லாம் ஏற்கெனவே எரிந்து போயிருக்கும். புது விறகைச் சூடாக்கிவிட்டுக் காற்றைக் கொடுக்காமல் இருந்தால், அது எரியாமல் புகையை மட்டும் கக்கும். அந்தப் புகை குளிர்ந்த புகைபோக்கியின் உட்சுவரில் படிந்து, கிரியோசோட் எனப்படும் தாராக இறுகும். உங்கள் கண்ணாடியில் காண்பது அதன் ஒரு துளி. மிச்சம் கூரை வரை இருக்கிறது. என்றாவது ஒருநாள் அனல் மிகுந்து அந்தப் படிவில் தீப்பற்றினால், புகைபோக்கிக்குள் வெப்பம் 1000 பாகை செல்சியஸையும் தாண்டக்கூடும். ஆகவே, அடுத்த நெருப்பை மூட்டுமுன் புகைபோக்கி துப்புரவு செய்பவரை அழைத்துவிடுங்கள். அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறையேனும் அழையுங்கள்.

இரவு நெருப்புக்கு வழி உண்டு. படுக்கைக்குப் போவதற்கு ஒரு மணிநேரம் முன்பு, தணலையெல்லாம் கரண்டியால் கதவுப் பக்கமாக, காற்று நுழையும் இடத்துக்கு இழுத்துக் கொள்ளுங்கள். அதன் பின்னால் மேப்பிள் அல்லது ஓக் போன்ற கனத்த மரத்தின் பருமனான கட்டைகள் மூன்றை நெருக்கமாக அடுக்கி, காற்றை முழுவதும் திறந்து வையுங்கள். எல்லாக் கட்டைகளின் மேற்புறமும் கருகிச் சுவாலை நன்றாகப் பிடித்த பிறகே – பதினைந்து, இருபது நிமிடம் ஆகும் – காற்றைச் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். நீங்கள் படியேறிப் போகும்போதும் உள்ளே சுவாலை தெரிய வேண்டும். காலையில் சாம்பலைக் கிளறினால் மாமி தேடும் தணல் அங்கே இருக்கும். நாலு சுள்ளியை வைத்தால் அது மீண்டும் பற்றிக்கொள்ளும்.

இவ்வளவும் காய்ந்த விறகுக்குத்தான். பச்சை மரத்தின் எடையில் பாதியளவு கூட நீராக இருக்கலாம். அது 20 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால்தான் அடுப்புக்கு ஆகும். அதற்குப் பிளந்து அடுக்கி, மேலே மட்டும் மூடி, பக்கங்களில் காற்றோட விட்டு ஒரு கோடையாவது வைத்திருக்க வேண்டும். ஓக் இரண்டு கோடை கேட்கும். நான் முதன்முறை வாங்கியபோது, “நன்றாகக் காய்ந்தது” என்று சொல்லி இறக்கப்பட்ட மேப்பிள், அடுப்பில் வைத்ததும் இரு முனையிலும் நுரை தள்ளிச் சீறியது. அந்தக் குளிர்காலம் முழுவதும் விறகின் தண்ணீரைக் கொதிக்க வைத்ததுதான் மிச்சம். இப்போது இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிப் பார்க்கிறேன்: காய்ந்தது கணீரென்னும், ஈரமானது மொத்தென்று விழும். ஈரம் அளக்கும் சிறு கருவி மலிவாகவே கிடைக்கிறது. ஆனால் கட்டையைப் பிளந்து, புதிதாகத் தெரியும் உட்பக்கத்தில் வைத்து அளக்க வேண்டும். வெளிப்பக்கம் எப்போதும் பொய் சொல்லும்.

கேள்வி: நாங்கள் மொன்றியல் நகருக்குள்ளேயே இருக்கிறோம். இங்கே விறகு எரிக்கத் தடை என்கிறார்கள். உறைமழையில் மின்சாரம் போனால் என்ன செய்வது?
– வாசகர், மொன்றியல்

பதில்: 2018 அக்டோபர் 1 முதல், மணிக்கு 2.5 கிராமுக்கு மேல் நுண்துகள் வெளியிடும் அடுப்புகளை நகரில் எரிக்க முடியாது. ஆனால் மின்தடை 3 மணிநேரத்தைத் தாண்டினால் பழைய அடுப்பையும் மூட்டலாம் என்று அந்த விதியே இடமளிக்கிறது. 1998 ஜனவரி உறைமழையை மறக்காத ஊர் அது: கியூபெக்கில் ஏறத்தாழ 14 இலட்சம் மின் இணைப்புகள் அறுந்தன, நகருக்குத் தெற்கே, “கறுப்பு முக்கோணம்” என்று பெயர் பெற்ற பகுதியில் சிலருக்கு ஒரு மாதத்துக்குப் பிறகே விளக்கு எரிந்தது. பெரும்பாலான வீடுகளுக்கு மின்சாரமே சூடு தரும் மாகாணத்தில், விறகடுப்பு வெறும் அலங்காரம் அல்ல. மரத்தூளை அழுத்திச் செய்த சிறு துண்டுகளை எரிக்கும் பெலட் அடுப்பு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதற்கு விறகை ஊட்டுவதும் காற்றை ஊதுவதும் மின்சாரந்தான்.

கேள்வி: எங்கள் வீட்டில் விறகடுப்பு இல்லை. மின்சாரம் போனதும் எரிவாயு ஃபர்னஸும் நின்றுவிடுகிறது. யன்னலைச் சற்றுத் திறந்து வைத்து, கரி பாபிகியூ அடுப்பை உள்ளே வைத்துக் குளிர் காயலாமா?
– வாசகர், ஸ்காபரோ

பதில்: கூடாது. யன்னலைத் திறந்தாலும், வாகனக் கூடத்துக்குள் வைத்தாலும் கூடாது. கரி எரியும்போது வரும் கார்பன் மொனொக்சைட் என்ற நச்சுவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலியும் தூக்கமும் வந்தால் குளிரின் களைப்பென்றே எண்ணுவீர்கள். விறகடுப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், இந்த வாயுவை உணர்ந்து ஒலிக்கும், பற்றரியில் இயங்கும் எச்சரிக்கைக் கருவி படுக்கையறைக்கு அருகில் இருக்கட்டும். வீட்டார் எல்லோரும் ஒரே அறையில் கூடி, கதவிடுக்குகளைத் துணியால் அடைத்துப் படுத்துக்கொள்ளுங்கள். அதுவும் போதாதென்றால், விறகடுப்புள்ள உறவினர் வீட்டுக்குப் போய்விடுங்கள்.

அப்படிப் போகும் வீட்டில் சாம்பல் அள்ளும் பொறுப்பு உங்களுக்கு வந்தால், காகிதப் பையைத் தேடாதீர்கள். சாம்பலுக்குள் கங்கு சில நாள் வரை உயிரோடு கிடக்கும். மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி, மரத்தாலான டெக்கின் மேல் அல்லாமல், வெளியே வெறுந்தரையில் வீட்டுச் சுவரைவிட்டுத் தள்ளி வையுங்கள்.