காலையில் போட்ட பெர்மிட்டை நம்பி மதியம் டேங்குக்குள் இறங்க வேண்டுமா?

கேள்வி: வணக்கம் மேடம். கப்பல் பழுதுபார்க்கும் யார்டு ஒன்றில் காண்ட்ராக்டரிடம் வெல்டராக இருக்கிறேன். சென்ற வாரம் ஒரு பல்லாஸ்ட் டேங்குக்குள் (கப்பலைச் சமநிலையில் வைக்கத் தண்ணீர் நிரப்பும் மூடிய அறை) வேலை. காலை எட்டு மணிக்கு மேன்ஹோல் வாசலில் கேஸ் மீட்டரை நீட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே இறங்கி வேலை செய்வதற்கான அனுமதித் தாளான பெர்மிட் போட்டார்கள். மதியத்துக்கு மேல் பக்கத்து டேங்கில் பெயிண்ட் அடிக்க ஆரம்பித்தார்கள். எங்களுக்குக் காற்றோட்டம் கொடுத்த புளோயரையும் அங்கே எடுத்துப் போய்விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் எனக்குத் தலை சுற்றியது. நானும் உதவியாளரும் மேலே ஏறி வந்துவிட்டோம். மறுபடி கேஸ் பார்க்காமல் இறங்க மாட்டேன் என்றேன். "பெர்மிட் ஆறு மணி வரை இருக்கிறது, இறங்கு, முடியாதென்றால் வீட்டுக்குப் போ" என்றார் சூப்பர்வைசர். அன்றிலிருந்து வேலை இல்லை. இப்போது கூப்பிட்டு இரண்டு தாள்களில் கையெழுத்துக் கேட்கிறார்கள். ஒன்று, அன்று நானாகவே வேலையை விட்டுப் போனேன் என்பது. இன்னொன்று, மதியம் இரண்டு மணிக்கு மறுபடி கேஸ் பார்த்தார்கள் என்பதற்கு நான் சாட்சி என்பது. போட்டால் திரும்ப எடுத்துக்கொள்வார்களாம். என்ன செய்வது?

பதில்: இரண்டிலுமே கையெழுத்துப் போடாதீர்கள். முதல் தாள் உங்கள் கூலியையும் வேலையையும் மட்டும்தான் பாதிக்கும். இரண்டாவது தாள் அப்படியில்லை. நடக்காத சோதனை நடந்ததாகச் சொல்லும் பொய்ப் பதிவு அது. நாளைக்கு அதே டேங்கில் யாருக்காவது ஏதாவது ஆகி விசாரணை வந்தால், அந்தத் தாளில் உங்கள் பெயர் இருக்கும். எழுதச் சொன்னவர் பெயர் இருக்காது.

எந்த நாட்டு யார்டு என்று நீங்கள் எழுதவில்லை. மூடிய அறைகள் பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு பெயரில் மாறினாலும் எலும்புக்கூடு ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், அந்த அடிப்படையிலேயே சொல்கிறேன்.

முதலில் பெர்மிட் விஷயம். ஆறு மணி வரை என்று தாளில் போட்டிருப்பது வெளி எல்லை மட்டுமே. சோதித்தபோது டேங்கும் அதன் சுற்றுப்புறமும் எந்த நிலையில் இருந்தனவோ, அந்த நிலை தொடரும் வரைதான் அதற்கு உயிர். அமெரிக்காவின் கப்பல் தள விதிகள், அதாவது அந்நாட்டுத் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதித்தொகுப்பில் 1915ஆம் பகுதி, இதை வெளிப்படையாகவே சொல்கின்றன: நிலைமையை மாற்றக்கூடிய எதுவும் நடந்தால் வேலையை நிறுத்தி, ஆட்களை வெளியே எடுத்து, மறுபடி சோதித்த பிறகே தொடர வேண்டும். உங்கள் டேங்கில் புளோயர் போனது ஒரு மாற்றம், பக்கத்தில் பெயிண்ட் தொடங்கியது இன்னொரு மாற்றம். இதில் ஒன்று நடந்திருந்தாலே காலைப் பெர்மிட் செத்துவிட்டது.

காலையில் செய்த சோதனையும் ஒழுங்கானதல்ல. மேன்ஹோல் வாசலில் நீட்டிய மீட்டர் மேன்ஹோல் வாசலில் உள்ள காற்றைத்தான் சொல்லும். பல நாள் மூடிக் கிடந்த பல்லாஸ்ட் டேங்கில் இரும்பு துருப்பிடிக்கும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடுகிறது. வழக்கமாக 20.9 சதவீதம் இருக்க வேண்டியது, மனிதன் மயங்கி விழும் அளவுக்குக் குறைந்துபோகலாம். அதற்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. பெயிண்ட் கரைப்பான்களின் ஆவி காற்றைவிடக் கனமானது, அடியில் போய்த் தங்கும். அதனால்தான் மேலே, நடுவே, அடியில், ஃபிரேம்களுக்கு (டேங்கின் சட்டங்களுக்கு) இடையிலுள்ள மூலைகளில் என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். அதிலும் ஆக்சிஜனைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பெரும்பாலான மீட்டர்களில் எரிவாயுவைக் காட்டும் சென்சார் ஆக்சிஜன் இருந்தால்தான் சரியாக வேலை செய்யும்.

எவ்வளவு இருந்தால் இறங்கலாம் என்பதற்கு அந்த அமெரிக்க விதி தரும் எல்லை: ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, 22ஐத் தொடக் கூடாது. எரியும் ஆவி, தீப்பிடிக்கத் தேவையான குறைந்தபட்ச அளவில் 10 சதவீதத்தைத் தொடக் கூடாது. நச்சு வாயுவும் அனுமதித்த அளவுக்குள் இருக்க வேண்டும். சிங்கப்பூரின் 2009ஆம் ஆண்டு மூடிய இட விதிகளில் ஆக்சிஜனின் மேல் எல்லை 23.5. ஆக்சிஜன் அதிகமாவதும் ஆபத்து என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கேஸ் கட்டிங் ஹோஸை இரவு டேங்குக்குள்ளேயே விட்டுப்போய், அது கசிந்திருந்தால், காலையில் ஒரு பொறி போதும், போட்டிருக்கும் உடையே பற்றிக்கொள்ளும்.

நீங்கள் தலைசுற்றலைத்தான் எழுதியிருக்கிறீர்கள். படித்தபோது எனக்கு அதைவிடப் பயமாக இருந்தது உங்கள் கையிலிருந்த வெல்டிங் ஹோல்டரை நினைத்துத்தான். இடையில் இருப்பது ஒரு தகடு. இந்தப் பக்கம் நீங்கள் வெல்டிங் செய்தால் அந்தப் பக்கமும் சூடேறும், அங்கே பெயிண்ட் ஆவி. வெல்டிங், கட்டிங் போன்ற ஹாட் ஒர்க்குக்கு அனுமதி கொடுக்கும்போது பக்கத்து அறைகளையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும் என்று சொல்வதன் காரணம் இதுதான். அதனால் உங்கள் புகாரை 'எனக்கு மயக்கம் வந்தது' என்று மட்டும் எழுதாதீர்கள். 'பக்கத்து டேங்கில் பெயிண்ட் அடிக்கும்போது என்னை ஹாட் ஒர்க் செய்யச் சொன்னார்கள்' என்று எழுதுங்கள். அதைப் படிக்கும் எந்த ஆய்வாளரும் நிமிர்ந்து உட்காருவார்.

அடுத்து, மறுத்தது சரியா? சரிதான். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 155ஆம் உடன்படிக்கை, 1981இல் ஏற்கப்பட்டது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்து வேலையிலிருந்து விலகியவரைத் தண்டிக்கும்படியான விளைவுகளிலிருந்து காக்க வேண்டும் என்கிறது அதன் 13ஆம் ஷரத்து. ஆபத்து தொடர்ந்தால், அதைச் சரிசெய்யும் வரை திரும்பப் போகச் சொல்லக் கூடாது என்கிறது 19ஆம் ஷரத்து. 2022இல் இதை அடிப்படை உடன்படிக்கைகளில் ஒன்றாக உயர்த்தினார்கள். அதை ஏற்று உறுதிசெய்யாத உறுப்பு நாடுகளும் அதன் கொள்கையை மதிக்கக் கடமைப்பட்டவை. இந்தியாவில் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 36ஆம் பிரிவில், தகுதி பெற்றவர் தானே சோதித்து எழுத்தில் சான்று தராமல், அல்லது சுவாசக் கருவியும் வெளியே ஒருவர் பிடித்த கயிறும் இல்லாமல், வாயு இருக்கக்கூடிய டேங்குக்குள் ஆளை இறக்கக் கூடாது என்றது. 'தானே சோதித்து' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். உங்களிடம் கேட்கும் அந்த இரண்டு மணிச் சாட்சிக் கையெழுத்து ஏன் எதற்கும் உதவாது என்பது அதிலேயே இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. மறுக்கும் உரிமை அந்த டேங்குக்கும் அந்த நிலைமைக்கும் மட்டும். வேலைக்கே வரமாட்டேன் என்று சொன்னதாக அவர்கள் திருப்பிவிடுவார்கள். அதனால் இன்றே சூப்பர்வைசருக்கும் காண்ட்ராக்டர் அலுவலகத்துக்கும் ஒரு மெசேஜ் அனுப்புங்கள்: இந்தத் தேதியில், இத்தனை மணிக்கு, இந்தக் காரணத்தால் வெளியே வந்தேன், காற்றோட்டம் கொடுத்து, மறுபடி சோதித்து, பக்கத்தில் பெயிண்ட் வேலையை நிறுத்தினால் இறங்கத் தயார், அதுவரை வேறு வேலை கொடுத்தாலும் செய்கிறேன். கோபம் வேண்டாம், நேரங்கள் துல்லியமாக இருக்கட்டும். அதை யார்டின் பாதுகாப்பு அதிகாரிக்கும் அனுப்புங்கள். 'அவர் காண்ட்ராக்டர் ஆள், எங்களுக்குச் சம்பந்தமில்லை' என்று யார்டு கைகழுவ முடியாது. ஒரே இடத்தில் பல நிறுவனங்கள் வேலை செய்தால் எல்லோரும் ஒருங்கிணைந்து நடக்க வேண்டும் என்பது அதே உடன்படிக்கையின் 17ஆம் ஷரத்து. பெயிண்டர்களையும் வெல்டரையும் பக்கத்துப் பக்கத்தில் விட்டது யார் என்ற கேள்விக்கு யார்டுதான் பதில் சொல்ல வேண்டும்.

ஆதாரத்தில் ஒன்று பலருக்குத் தெரியாது. இன்றைய கேஸ் மீட்டர்கள் பலவும் அளவுகளை நேரத்தோடு நினைவில் வைத்துக்கொள்ளும். அன்றைய பதிவை அழிக்காமல் வைக்கும்படி எழுத்தில் கேளுங்கள். இரண்டு மணிக்குச் சோதனையே நடக்கவில்லை என்பதை அந்தப் பெட்டியே சொல்லிவிடலாம். உதவியாளரிடமும் நடந்ததை அவர் கைப்பட எழுதி வாங்குங்கள். ஆனால் படம் எடுக்கிறேன் என்று சாதாரண போனை டேங்குக்குள் கொண்டுபோகாதீர்கள். எரியும் ஆவி உள்ள இடத்தில் அதுவே நெருப்பு மூட்டலாம்.

மருத்துவரை இதுவரை பார்க்கவில்லை என்றால் இன்றே பாருங்கள். நீங்கள் சுவாசித்ததில் கார்பன் மோனாக்சைடு இருந்திருந்தாலும் அது இரத்தத்திலிருந்து சில மணி நேரங்களில் வெளியேறிவிடும், அதனால் பரிசோதனையில் இப்போது எதுவும் தெரியாமல் போகலாம். ஆனாலும் என்ன நடந்தது, என்ன பெயிண்ட், எத்தனை நிமிடம் என்று அவரது குறிப்பில் ஏறிவிட்டால் அதற்கு மதிப்பு உண்டு.

புகாரைத் தள்ளிப்போடாதீர்கள். பாதுகாப்புக்காகக் குரல் கொடுத்ததற்குப் பழிவாங்கினால் அமெரிக்காவில் ஓஷாவிடம் புகார் செய்ய 30 நாள்தான் அவகாசம். சிங்கப்பூரில் காயத்துக்கான இழப்பீட்டைக் கோர விபத்து நடந்ததிலிருந்து ஓராண்டு. உங்கள் நாட்டுத் தொழிலாளர் அலுவலகத்தில் கெடு எத்தனை நாள் என்பதை முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, சட்டத்துக்கு வெளியே ஒன்று கேட்கிறேன். நீங்கள் மேலே வந்தபோது மேன்ஹோல் வாசலில் காவலுக்கு ஆள் இருந்தாரா? உங்கள் கடிதத்தில் அவரைக் காணோம். 1986இல் அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான நியோஷ் வெளியிட்ட எச்சரிக்கையின்படி, மூடிய இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் காப்பாற்றப் போனவர்கள். உங்கள் உதவியாளர் உள்ளே விழுந்திருந்தால் நீங்களும் பின்னாலேயே இறங்கியிருப்பீர்கள். திரும்பி வேலைக்குப் போகும் நாளில், காவலாள் யார், மீட்புக் குழு எங்கே, சுவாசக் கருவி எங்கே என்று மூன்றையும் கேட்டுவிட்டு ஏணியில் கால் வையுங்கள்.