மேட்டில் மூச்சு வாங்கும் கைவண்டி

கேள்வி: தோட்டத்தில் பறிக்கும் காய்கறி, கிழங்கு மூட்டைகளை இரு சக்கரக் கைவண்டியில்தான் தள்ளி வருகிறேன். வழியில் ஒரு மேடு, அங்கேதான் திணறல். பழைய மின்சார ஸ்கூட்டரின் 250 வாட் மோட்டார் கையில் இருக்கிறது. அதைப் பூட்டினால் 150 கிலோ சரக்கை இழுக்குமா?

பதில்: சமதரையில் இழுக்கும், மேட்டில் இழுக்காது. வண்டியும் சரக்குமாக 200 கிலோ என்று வையுங்கள். மெத்தென்ற மண்ணில் அதை உருட்டவே சுமார் 20 கிலோ இழுவை வேண்டும், பத்தடிக்கு ஓரடி உயரும் மேடு என்றால் இன்னொரு 20 கிலோ சேர்ந்துகொள்ளும். நடை வேகத்தில் போனால்கூட சக்கரத்துக்குப் போய்ச் சேர வேண்டியது மட்டும் 400 வாட். 250 வாட் மோட்டாரை அதற்கு இழுத்துப் பிடித்தால் சூடேறிக் கருகிவிடும்.

500 வாட், 24 வோல்ட் கியர் மோட்டாராக வாங்குங்கள், நிமிடத்துக்கு 300 சுற்று. மோட்டாரில் 9 பல், சக்கரத்தின் அச்சில் 54 பல் வைத்துச் செயின் போட்டால் சுற்று 50 ஆகக் குறையும், 40 செ.மீ. விட்டமுள்ள சக்கரத்துக்கு அது மணிக்கு நாலு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கூடவே நடக்க அது போதும், அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

இரண்டு சக்கரத்தையும் ஒரே அச்சில் இறுக்கிவிட்டால் வண்டி வளைவில் திரும்ப அடம்பிடிக்கும். அதனால் இரண்டுக்கும் ஃப்ரீவீல் போடுங்கள், அதாவது சைக்கிளின் பின்சக்கரத்தில் இருப்பதுபோல அச்சு முன்னோக்கித் தள்ளும்போது மட்டும் பிடித்து, சக்கரம் அதைவிட வேகமாக உருண்டால் விட்டுவிடும் பல்சக்கரம். பின்னால் எடுக்கும்போது மட்டும் கையால் இழுக்க வேண்டியிருக்கும், பரவாயில்லை.

இழுவையைக் கேட்டீர்கள், நிறுத்துவதைக் கேட்கவில்லையே, என் கவலையெல்லாம் அதுதான். ஃப்ரீவீல் போட்டபின் இறக்கத்தில் மோட்டார் வண்டியைப் பிடித்து வைக்காது, ஏற்றத்தில் செயின் அறுந்தாலோ 200 கிலோவும் பின்னால் நிற்கும் உங்கள் மேல்தான் வரும். ஆகவே பிரேக்கை அச்சில் வைக்காமல் இரண்டு சக்கரத்திலும் நேரடியாக வையுங்கள், பழைய மொபெட்டின் டிரம் பிரேக் இதற்கு நன்றாக உழைக்கும். கைப்பிடியை அழுத்தினால் பிரேக் விலக வேண்டும், விட்டால் ஸ்பிரிங் தானே இழுத்துப் பிடிக்க வேண்டும், மோட்டாருக்குப் போகும் மின்சாரமும் அதோடு நிற்க வேண்டும். கால் வழுக்கிக் கீழே விழுந்தாலும் வண்டி அங்கேயே நிற்கும். இதைச் செய்து முடிக்காமல் சரக்கு ஏற்றாதீர்கள்.

அப்புறம், பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டியே 40 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று. செயினுக்குத் தகடு மூடி போடுங்கள், இலை தழை சிக்காது, விரலும் சிக்காது.