பென் ஜான்சனுக்காக வருந்தலாமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

1988 சியோல் ஒலிம்பிக்கின் 100 மீட்டர் ஓட்டத்தைப் பற்றி டேனியல் கார்டன் எடுத்த ஆவணப்படத்தை அண்மையில் பார்த்தேன். அதில் முதலாவதாக வந்து, ஊக்கமருந்தில் அகப்பட்டுத் தங்கத்தை இழந்த கனடிய வீரர் பென் ஜான்சன். எங்கள் பள்ளி நாள்களில் அவர் பெயர் என்றாலே ஏமாற்றுக்காரன்தான். காப்பியடித்து மாட்டிக்கொண்ட பையனுக்கு அந்தப் பெயரையே சூட்டுவோம். படம் முடிந்தபோது அவர்மீது இரக்கம்தான் மிஞ்சியது. எல்லோரும் செய்ததைத்தானே அவரும் செய்தார்? அந்தத் தங்கத்தைத் திருப்பிக் கொடுத்தால்தான் என்ன?

எஸ்., திருநெல்வேலி

அன்புள்ள எஸ்.,

தாராளமாக இரக்கப்படுங்கள். 9.79 விநாடியில் ஓடியபோது கனடாவின் செல்லப்பிள்ளையாக இருந்தவர், ஸ்டானோசோலால் என்ற ஊக்கமருந்தில் அகப்பட்ட மறுகணமே பத்திரிகைகளில் 'ஜமைக்காவில் பிறந்தவர்' ஆகிப்போனார். அவர் 1981 முதலே ஊக்கமருந்து எடுத்துவந்ததைப் பயிற்சியாளர் சார்லி ஃபிரான்சிஸே கனடா அரசின் 1989 விசாரணையில் ஒப்புக்கொண்டார். மருந்து கொடுக்க ஒரு மருத்துவர், கூடவே ஒரு பயிற்சியாளர் என்று ஏற்பாடு இருந்தும், உலகம் காறித் துப்பியது ஓடியவர் முகத்தில்தான்.

ஆனால் 'எல்லோரும்' என்று எழுதிவிட்டீர்களே, அங்கேதான் எனக்கு இடறுகிறது. அன்று ஓடிய எட்டுப் பேரில் ஆறு பேரின் பெயர் பின்னாளில் ஏதாவதொரு ஊக்கமருந்து விவகாரத்தில் அடிபட்டது உண்மை. எல்லாம் ஒரே எடை இல்லை. அன்று இரண்டாவதாக வந்து, பிறகு ஜான்சனின் தங்கத்தைப் பெற்ற அமெரிக்கர் கார்ல் லூயிஸ். அவர் விவகாரம் அமெரிக்கத் தகுதிப் போட்டியில் சிக்கிய சிறிதளவு கிளர்ச்சியூட்டும் மருந்து. தெரியாமல் உட்கொண்டார் என்று அவர் நாட்டு ஒலிம்பிக் குழுவே விட்டுவிட்டது, 2003 வரை வெளியே தெரியவும் இல்லை. அந்த ஆறு பேரையும் கணக்கில் வைத்துக்கொண்டாலும் மீதி இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் பிரேசிலின் ரோப்சன் ட சில்வா. இன்னொருவர் அமெரிக்காவின் கால்வின் ஸ்மித்.

1983இல் 100 மீட்டரை 9.93 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தவர் ஸ்மித். 200 மீட்டரில் இரண்டு முறை உலக சாம்பியன். சியோலில் 9.99 ஓடி நான்காவதாக வந்தார். அந்தக் கடைசி நொடியை மறுபடி போட்டுப் பாருங்கள்: கோட்டைத் தொடும் முன்பே ஜான்சன் வலக்கையைத் தூக்கி ஒரு விரலை நீட்டிவிடுகிறார். அந்தக் கையையே பார்ப்பதில் பின்னால் வருபவர்கள் நம் கண்ணில் படுவதே இல்லை. ஜான்சனின் பதக்கம் பறிபோனதும் ஸ்மித்துக்கு வெண்கலம் வந்தது. வெற்றி மேடையில் ஏறி நிற்கும் பொழுது மட்டும் வரவே இல்லை.

படத்தில் ஸ்மித்தும் பேசுகிறார், எட்டுப் பேருமே பேசுகிறார்கள். ஆனால் விழுந்து எழுந்தவனிடம் கதை இருக்கிறது. மருந்துச் சோதனை அறையில் ஜான்சனுடன் இருந்த லூயிஸின் நண்பர், சதி என்ற சந்தேகம், பழைய பகை என்று இயக்குநருக்கு வேண்டிய சரக்கெல்லாம் ஜான்சன் பக்கம். ஒழுங்காக ஓடி நான்காவதாக வந்தவரை வைத்து என்ன செய்வது? ஆவணப்படங்கள் வில்லனை மனிதனாக்குவதில் கெட்டிக்காரத்தனம் காட்டுகின்றன. அந்த வேலையில் யாருடைய பங்கு சுருங்குகிறது என்று நான் ஒவ்வொரு முறையும் பார்ப்பதுண்டு.

தங்கத்தைத் திருப்பித் தரக்கூடாது. ஜான்சன் தடைக்காலம் முடிந்து திரும்பிவந்து, 1993இல் மறுபடியும் மருந்துச் சோதனையில் தோற்று, வாழ்நாள் தடை பெற்றார். அப்போது அவரைக் கெடுக்க எந்தச் சதிகாரனும் தேவைப்பட்டிருக்கவில்லை.