ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு அம்மாவின் முகம் தெரியுமா?

மகனுக்கு இரண்டு வயது, கூப்பிட்டால் திரும்புவதில்லை, என் முகத்தைப் பார்ப்பதே இல்லை, ஆட்டிசமாக இருக்கலாம் என்று மருத்துவர் சொல்கிறார், அப்படியானால் நான் யாரென்றே அவனுக்குத் தெரியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். தெரியும். இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதற்குப் போக முடியும், ஏனென்றால் இதே கேள்வியோடு நான் எத்தனையோ ராத்திரி தூங்காமல் கிடந்திருக்கிறேன். என் மகளுக்கு இப்போது ஒன்பது வயது.

1980களிலேயே இதைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். ஒரு அறையில் குழந்தை, அம்மா, முன்பின் தெரியாத ஒருவர். அம்மா வெளியே போய்விட்டுத் திரும்பி வரும்போது, ஆட்டிசம் உள்ள குழந்தைகளும் அந்தப் புது ஆளைவிட அம்மாவிடம்தான் அதிகம் நெருங்கிப் போனார்கள். முகத்தைப் பார்ப்பது வேறு, ஆளை அறிவது வேறு. நாம் இரண்டையும் ஒன்றாகவே பழகிவிட்டதால்தான் இந்தப் பயம் வருகிறது.

என் மகள் மூன்று வயது வரை என்னை என் மூக்குக் கண்ணாடியால் அறிந்து வைத்திருந்தாள் என்று நினைக்கிறேன். மடியில் உட்கார்ந்தால் விரல் நேராகக் கண்ணாடியின் பிரேமுக்குத்தான் போகும், ஓரமெல்லாம் தடவுவாள், கண்ணைப் பார்க்க மாட்டாள். ஒருநாள் அது உடைந்து, வேறு நிறத்தில் புதிது மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்தேன். என்னைத் தாண்டிப் போய்க் கதவுக்குப் பின்னால் தேடினாள். பேர் சொல்லிக் கூப்பிட்டதும் நின்று, குரல் வந்த பக்கம் வந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். அன்று அழுகைதான் வந்தது. அவள் என்னைத்தான் தேடினாள், குரல் கேட்டதும் கண்டுபிடித்தும் விட்டாள் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

சரி, முகத்தில் அவர்கள் எதைப் பார்க்கிறார்கள்? பிறந்த குழந்தைகள் எல்லாருமே முகம் போன்ற வடிவத்துக்குத் திரும்புவார்கள், அது பிறவிக் குணம். ஆட்டிசம் உள்ள குழந்தையிடம் இது ஆரம்பத்திலேயே இல்லை என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 2013ல் வாரன் ஜோன்ஸ், அமி கிளின் இருவரும் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு அதை மாற்றியது. பச்சைக் குழந்தைகளுக்கு ஒரு பெண் பேசும் வீடியோவைப் போட்டு, கண் எங்கே போகிறது என்று கருவியால் அளந்தார்கள். பின்னாளில் ஆட்டிசம் என்று தெரியவந்த குழந்தைகளும் இரண்டாவது மாதத்தில் மற்றவர்களைப் போலவே கண்களைப் பார்த்திருக்கிறார்கள். இரண்டிலிருந்து ஆறு மாதத்துக்குள் அது கொஞ்சம் கொஞ்சமாகக் குறையத் தொடங்குகிறது, இரண்டு வயதில் மற்ற குழந்தைகள் பார்ப்பதில் ஏறக்குறையப் பாதி நேரம்தான் பார்க்கிறார்கள். சட்டென்று நின்றுபோவதில்லை, மெல்ல நழுவுகிறது, அதனால்தான் பெற்றவர்களுக்கு எந்த நாளில் மாறியது என்று சொல்லத் தெரிவதில்லை. எனக்கும் தெரியவில்லை.

கண்ணை விட்டால் வாய்க்குப் போகிறார்கள், அல்லது முகத்தை விட்டே போய்விடுகிறார்கள். வாய்க்கு ஏன் என்பதற்கு எனக்குப் பிடித்த விளக்கம் ஒன்று உண்டு. 2009ல் அதே குழுவினர், இரண்டு வயதுக் குழந்தைகளுக்கு மனித அசைவைப் புள்ளிகளாக மட்டும் காட்டிப் பார்த்ததில், ஆட்டிசம் உள்ளவர்கள் மனித அசைவு என்பதற்காகத் திரும்பவில்லை, சத்தமும் அசைவும் ஒரே நொடியில் பொருந்தும் இடத்துக்குத்தான் திரும்பினார்கள். பேசும் முகத்தில் சத்தமும் அசைவும் சேரும் இடம் உதடுதானே. 1978லேயே லாங்டெல் என்பவர், ஆட்டிசம் உள்ள சிறுவர்கள் கூடப் படிப்பவர்களை முகத்தின் கீழ்ப்பாதியை மட்டும் காட்டினாலே மற்ற பிள்ளைகளைவிட நன்றாக அடையாளம் சொல்வதைக் கண்டிருக்கிறார்.

இணையத்தில் தேடினால் ஒரு ஆய்வு உங்கள் கண்ணில் படும், என்னைக் குத்தியது அதுதான், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். 2002ல் ஜெரால்டின் டாசன் குழுவினர் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளின் மூளை மின்னலைகளை அளந்தார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு அம்மாவின் முகத்துக்கும் அந்நிய முகத்துக்கும் அலையில் வித்தியாசம் தெரியவில்லை, ஆனால் பிடித்த பொம்மைக்கும் புது பொம்மைக்கும் தெரிந்தது. இதைப் படித்துவிட்டு இரண்டு நாள் நான் யாரோடும் பேசவில்லை. ஆனால் அது ஒரு அசையாத புகைப்படத்தைப் பார்த்த சில நூறு மில்லிநொடிகளில் மூளை என்ன செய்கிறது என்பதன் அளவு. குரல், நடை, வாசனை, தூக்கும் விதம் எதுவும் அதில் இல்லை. அப்புறம் 2008ல் கேரன் பியர்ஸ் குழுவினர், இன்னும் பெரிய பிள்ளைகளிடம், முகங்களுக்கென்று வேலை செய்யும் பியூசிபார்ம் என்ற மூளைப் பகுதியைப் பார்த்தபோது, அம்மாவின் முகத்துக்கும் மற்ற குழந்தைகளின் முகத்துக்கும் அது மற்றவர்களைப் போலவே வேலை செய்திருக்கிறது, முன்பின் தெரியாத பெரியவர்களின் முகத்துக்குத்தான் குறைந்திருக்கிறது. டிஜிமான் கார்ட்டூனில் ஊறிய ஒரு சிறுவனுக்கு அந்தக் கதாபாத்திரங்களைப் பார்க்கும்போது அதே பகுதி நன்றாக இயங்கியதாகவும் 2005ல் பதிவாகியிருக்கிறது. அந்தப் பகுதி செத்துப்போய்க் கிடக்கவில்லை, எதில் பழகியதோ அதற்கு இயங்குகிறது என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

இனி நான் கோபத்தோடு சொல்லும் விஷயம். தாடையைப் பிடித்துத் திருப்பி “என்னைப் பார், என்னைப் பார்” என்று யாரும் செய்ய விடாதீர்கள். ஒரு தெரபி மையத்தில் என் மகளுக்கு அப்படித்தான் செய்தார்கள், பார்த்தால் ஒரு பிஸ்கட். நான் ஆறு வாரம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் கற்றுக்கொண்டது ஒன்றுதான், முகம் கிட்டே வந்தால் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வது. இரண்டு வயதில் பெரும்பாலும் இவர்கள் கண்ணைக் கண்டு பயந்து திரும்புவதில்லை, கண்ணில் சேதி இருப்பதாக அவர்களுக்குப் படவில்லை, அவ்வளவுதான். 2017ல் வந்த ஒரு ஆய்வில் வீடியோவில் கண்கள் வரப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே அவர்கள் பார்வையை இழுத்து வைத்துப் பார்த்தபோது, மற்ற குழந்தைகளைவிட வேகமாக அவர்கள் விலகவில்லை. ஆனால் வளர்ந்த ஆட்டிசம் உள்ளவர்கள் பலர் கண்ணைப் பார்ப்பது வலிக்கிறது, எரிகிறது என்று சொல்கிறார்கள். வலி எப்படி வந்து சேர்கிறது என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆறு வாரம்தான் ஞாபகம் வருகிறது.

நீங்கள் சரியாகக் கொஞ்சவில்லை, போனைக் கொடுத்துக் கெடுத்தீர்கள் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள், ஒருவேளை ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். அதே 2017ல் இரட்டைக் குழந்தைகளை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. கண்களைப் பார்க்கும் அளவில் ஒரே கருவிலிருந்து பிரிந்த, மரபணு ஒன்றேயான இரட்டையருக்குள் பொருத்தம் 0.91, தனித்தனிக் கருவிலிருந்து வந்த இரட்டையருக்குள் 0.35. முழுப் பொருத்தம் என்றால் 1. பார்வை எங்கே போகும் என்பதில் பிறவியின் பங்கு அவ்வளவு பெரியது.

எங்களுக்கு உதவியது இதுதான்: எதிரில் உட்காராமல் பக்கத்தில் உட்கார்வது, அவள் பார்ப்பதையே நானும் பார்ப்பது, அவளுக்குப் பிடித்த பாட்டை ஒரு வரி பாடி நிறுத்திவிட்டு எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பது. நாலு மாதம் கழித்து, அடுத்த வரி ஏன் வரவில்லை என்று என் உதட்டைத் தொட்டுவிட்டு ஒரு நொடி மேலே பார்த்தாள்.

காது கேட்கும் திறனைக் கட்டாயம் சோதித்துவிடுங்கள், கூப்பிட்டால் திரும்பாததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். கண்ணை மட்டும் வைத்து யாரும் ஆட்டிசம் என்று முடிவு செய்வதில்லை. விரலால் சுட்டிக் காட்டுகிறானா, பிடித்ததை எடுத்து வந்து உங்களிடம் காட்டுகிறானா, நீங்கள் செய்வதைப் பார்த்துச் செய்கிறானா என்று ஒரு வாரம் கவனித்து எழுதி எடுத்துப் போங்கள், எங்களிடம் முதலில் கேட்டது இவற்றைத்தான்.