ரெசிடென்சி விண்ணப்பம்: யாருக்கு, எப்போது, என்ன எழுதுவது?

அமெரிக்க ரெசிடென்சிக்கு (மருத்துவமனைகளில் நடக்கும் மருத்துவ மேற்பயிற்சிக்கு) விண்ணப்பிக்கும் மாணவர்களிடமிருந்து இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை மெயில் பற்றியவை. பதில்களுக்குள் போகுமுன் வழக்கமான எச்சரிக்கை: எந்த மெயிலாக இருந்தாலும் ஈராஸில் (விண்ணப்பம் போகும் இணைய அமைப்பு) உள்ளபடியே முழுப்பெயரும் ஏ.ஏ.எம்.சி. எண்ணும் (உங்கள் விண்ணப்பதாரர் அடையாள எண்) இருக்க வேண்டும். மெயிலில் செல்லப்பெயரும் இனிஷியலும், ஈராஸில் அப்பா பெயரோடு வேறொரு வரிசையும் என்றிருந்தால் புரோகிராமின் (ஒரு மருத்துவமனையின் பயிற்சித் திட்டத்தின்) கோஆர்டினேட்டர் உங்களைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

செப்டம்பர் கடைசியில் விண்ணப்பித்தேன். ஒரு வாரமாகியும் பதில் இல்லை. கிடைத்ததா என்று எல்லாப் புரோகிராம்களுக்கும் கேட்டு எழுதலாமா?

வேண்டாம். விண்ணப்பம் போனதா என்பதை மைஈராஸிலேயே (ஈராஸில் உள்ள உங்கள் கணக்கு) பார்த்துக்கொள்ளலாம். பெரிய இன்டர்னல் மெடிசின் புரோகிராமுக்குச் சில ஆயிரம் விண்ணப்பங்கள் வரும். ஒரு வாரத்தில் யாரும் படித்து முடிப்பதில்லை.

சர்ஜரி ரொட்டேஷனில் இருக்கிறேன். ஆபரேஷன் தியேட்டருக்குள் நின்றிருந்தபோது நேர்காணல் அழைப்பு வந்திருக்கிறது. மாலையில் பார்த்தபோது எனக்கு வசதியான தேதிகள் எல்லாம் போய்விட்டன. என்ன செய்வது?

முதலில், பதற வேண்டாம். அழைப்புகளைவிட இடங்கள் குறைவாக வைத்து, முதலில் கிளிக் செய்தவருக்கே இடம் என்றிருந்த காலம் பெரும்பாலும் போய்விட்டது. இருக்கும் இடங்களுக்கு மட்டுமே அழைப்பு அனுப்ப வேண்டும், பதில் சொல்ல 48 மணி நேரமாவது தர வேண்டும் என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட நடைமுறை. நல்ல தேதி போகலாம், இடம் சட்டென்று போய்விடாது. கிடைத்த தேதியை உடனே எடுத்துக்கொள்ளுங்கள். காத்திருப்போர் வரிசை வசதி இருந்தால் விரும்பும் தேதிக்கும் பதிவு செய்யுங்கள். நவம்பர் பாதிக்கு மேல் நிறையப் பேர் விலகுவார்கள், தேதிகள் தானாகவே திறக்கும்.

இனி வருவதற்குத் தயாராக இருங்கள். ரொட்டேஷன் தொடங்கும் முதல் நாளே சீனியர் ரெசிடென்ட்டிடம் "இது இன்டர்வியூ சீசன், நடுவில் இரண்டு நிமிடம் போனைப் பார்க்க வேண்டியிருக்கும்" என்று சொல்லிவிடுங்கள். அவரும் இதே பாதையில் வந்தவர்தான். விண்ணப்பத்துக்கென்று தனி மெயில் முகவரி வைத்து, அதற்கு மட்டும் போனில் தனி ஒலி வையுங்கள். கல்லூரி முகவரி வேண்டாம், படிப்பு முடிந்ததும் அது மூடப்படலாம். ஸ்பேம் பெட்டியைத் தினமும் ஒருமுறை பாருங்கள். எந்தெந்த நாட்களில் வரவே முடியாது என்ற பட்டியல் கையில் தயாராக இருக்கட்டும், அழைப்பு வந்த பிறகு ரோஸ்டரைத் தேடாதீர்கள். வீட்டில் நம்பிக்கையான ஒருவர் மெயிலைக் கவனித்து உங்களுக்குப் போன் செய்யலாம். ஆனால் மைஈராஸ் கடவுச்சொல்லை யாருக்கும் கொடுக்காதீர்கள், உங்கள் பெயரில் பதில் எழுதவும் விடாதீர்கள்.

விண்ணப்பித்த பிறகு ஸ்டெப் 2 சி.கே. (அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வான யு.எஸ்.எம்.எல்.இ.யின் ஒரு பகுதி) மதிப்பெண் வந்தது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன். சரிதானே?

சரியில்லை. படத்தை வைத்து யாரும் முடிவெடுக்க மாட்டார்கள். மைஈராஸில் போய் யு.எஸ்.எம்.எல்.இ. டிரான்ஸ்கிரிப்ட்டை மறுபடி அனுப்புங்கள், அது தானாகப் புதுப்பிக்கப்படாது. இதைத் தவறவிட்டு, மதிப்பெண் போய்விட்டது என்று நினைத்துக் காத்திருப்பவர்கள் ஒவ்வொரு ஆண்டும் உண்டு. டிரான்ஸ்கிரிப்ட் போன பிறகு, மதிப்பெண்ணுக்காகத்தான் காத்திருக்கிறோம் என்று சொன்ன இடங்களுக்கு மட்டும் ஒரு வரி எழுதலாம்.

புதிதாக வெளியான கட்டுரை வேறு விஷயம். விண்ணப்பத்தைச் சமர்ப்பித்த பின் அனுபவம், வெளியீடுகள் பகுதியைத் திருத்த முடியாது, எனவே மெயில்தான் வழி. கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு எழுதுங்கள். அனுப்பியிருக்கிறேன், பரிசீலனையில் இருக்கிறது என்பதெல்லாம் செய்தி ஆகாது.

கோல்ட் சிக்னல் கொடுத்த இடங்களுக்குத் தனியாக ஒரு மெயிலும் போட வேண்டுமா?

தேவையில்லை. விண்ணப்ப வெள்ளத்துக்கு நடுவே, உங்களிடம்தான் எனக்கு அதிக ஆர்வம் என்று சில புரோகிராம்களுக்கு விண்ணப்பத்திலேயே காட்டத்தான் சிக்னல் முறையே வந்தது; அதில் கோல்ட் முதல் தரம், சில்வர் அடுத்தது. 2020-21 சுற்றில் காது மூக்கு தொண்டைத் துறையில் தொடங்கி இன்று பெரும்பாலான துறைகளுக்குப் பரவியிருக்கிறது. இன்டர்னல் மெடிசினில் கோல்டும் சில்வரும் சேர்த்து 15 வாக்கில், ஆர்த்தோவில் 30 வரை என்று துறைக்குத் துறை வேறுபடும், ஆண்டுக்கு ஆண்டும் மாறும். உங்கள் துறைக்கு இந்த ஆண்டு எத்தனை என்று பார்த்துக்கொள்ளுங்கள். சிக்னல் கொடுக்காத, ஆனால் உண்மையான காரணம் உள்ள இடத்துக்கு நாலு வரியில் எழுதலாம். கணவரோ மனைவியோ அந்த ஊரில் வேலை பார்க்கிறார் என்பது காரணம். "உங்கள் புகழ்பெற்ற நிறுவனம்" என்பது காரணமல்ல.

நேர்காணல் காலை 9 மணி என்று போட்டிருக்கிறார்கள். அது இந்திய நேரமா, அமெரிக்க நேரமா?

அழைப்பிலேயே எழுதியிருப்பார்கள், கடைசி வரி வரை படியுங்கள். எழுதாவிட்டால் அது அந்த ஊர் நேரம். நவம்பர் முதல் ஞாயிறன்று அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். நியூயார்க்குக்கும் நமக்கும் அதுவரை ஒன்பதரை மணி நேர வித்தியாசம், அதன் பின் பத்தரை. அக்டோபரில் குறித்து வைத்த கணக்கை நம்பி நவம்பர் நேர்காணலைத் தவறவிடாதீர்கள்.

மூன்று புரோகிராம்கள் எனக்கு ஒரே அளவு பிடித்திருக்கின்றன. மூன்றுக்கும் "உங்களைத்தான் முதலிடத்தில் வைப்பேன்" என்று எழுதினால் என்ன? ரேங்க் லிஸ்ட்டைத்தான் யாரும் பார்க்க முடியாதே!

எழுதாதீர்கள். ஒவ்வொரு ஆண்டும் ஜனவரியில் இந்தக் கேள்வி வருகிறது, ஒவ்வொரு ஆண்டும் எனக்குக் கோபமும் வருகிறது. மாணவர்கள் மீது மட்டுமல்ல, இப்படித்தான் எல்லோரும் செய்கிறார்கள் என்று சொல்லிக்கொடுக்கும் சீனியர்கள் மீதும்.

லிஸ்ட்டை யாரும் பார்க்க மாட்டார்கள் என்பது உண்மை. ஆனால் பார்க்காமலே தெரிந்துவிடும். மேட்ச் எப்படி நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்: நீங்கள் புரோகிராம்களையும் அவை உங்களையும் விருப்ப வரிசையில் போட்டுக் கொடுக்க, ஒரு கணினி அல்காரிதம் இரண்டையும் பொருத்துகிறது. ஒரு புரோகிராம் உங்களைத் தன் பட்டியலில் 6-வது இடத்தில் வைத்திருக்கிறது, அதற்கு 12-வது ஆள் வரை போக வேண்டியிருந்தது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் உண்மையிலேயே அதை முதலிடத்தில் போட்டிருந்தால் அங்கேதான் மேட்ச் ஆகியிருப்பீர்கள். வேறிடத்தில் மேட்ச் ஆகியிருந்தால், நீங்கள் முதலிடம் தரவில்லை என்பதற்கு வேறு சாட்சியே வேண்டாம். டைரக்டரின் கையில் உங்கள் கடிதமும் இருக்கும், முடிவும் இருக்கும். சிறிய துறைகளில் டைரக்டர்கள் ஒருவரையொருவர் நன்றாக அறிந்தவர்கள். சில ஆண்டுகள் கழித்து ஃபெலோஷிப்புக்கு (ரெசிடென்சிக்கு அடுத்த சிறப்புப் பயிற்சிக்கு) அவர்களிடமேதான் போய் நிற்பீர்கள்.

இன்னொன்று. இந்தப் பொய்யால் கிடைப்பது மிகக் குறைவு. அல்காரிதம் விண்ணப்பதாரரின் விருப்பத்திலிருந்து தொடங்குகிறது. பொருளாதார அறிஞர் ஆல்வின் ராத்தும் எலியட் பெரான்சனும் 1990-களில் அதைத் திருத்தி அமைத்தார்கள். இத்தகைய பொருத்தங்கள் பற்றிய ஆய்வுக்காகத்தான் ராத்துக்கும் லாயிட் ஷாப்லிக்கும் 2012-ல் பொருளாதார நோபல் கிடைத்தது. உங்கள் வேலை ஒன்றுதான்: உண்மையில் எங்கே போக விரும்புகிறீர்களோ அந்த வரிசையில் போடுவது. எட்டாத இடத்தை முதலில் போட்டால் மற்ற வாய்ப்பு கெடுமோ என்ற பயமும் தேவையில்லை, கெடாது.

ஒரே ஓர் இடம் உண்மையிலேயே முதலிடம் என்றால் அதற்கு மட்டும், பிப்ரவரி தொடக்கத்துக்குள், சுருக்கமாக எழுதுங்கள். மற்ற இரண்டுக்கும் "மிகவும் பிடித்திருந்தது" என்று சொல்லலாம், அது பொய்யல்ல. எதை அனுப்பினாலும் அனுப்புமுன் புரோகிராமின் பெயரை வாய்விட்டுப் படியுங்கள். ஒரு மருத்துவமனைக்கு எழுதியதை வெட்டி ஒட்டி, பழைய பெயரை மாற்றாமல் அனுப்பிய கடிதங்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன.

அதே போல, "உங்களை மிக உயரத்தில் வைத்திருக்கிறோம்" என்று ஒரு புரோகிராம் எழுதினால் மகிழ்ந்துகொள்ளுங்கள், ஆனால் லிஸ்ட்டில் ஒரு வரியையும் மாற்றாதீர்கள். அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பாடு கிடையாது. மேட்ச் முடிவுக்கு மட்டுமே உண்டு.

நேர்காணலில் "எங்களை எத்தனையாவது இடத்தில் வைப்பீர்கள், வேறு எங்கெல்லாம் போனீர்கள்?" என்று நேரடியாகக் கேட்டார்கள். நான் உளறிவிட்டேன்.

தவறு உங்களுடையதல்ல. இரண்டையும் கேட்க, மேட்சை நடத்தும் என்.ஆர்.எம்.பி.யின் விதிகள் அனுமதிப்பதில்லை. "இன்னும் வரிசைப்படுத்தவில்லை, உங்கள் புரோகிராமில் எனக்கு ஆர்வம் இருக்கிறது" என்று சொல்லி நகர்ந்துவிடலாம். வற்புறுத்தினால் நேரம், தேதியோடு குறித்து வையுங்கள். என்.ஆர்.எம்.பி.யிடம் புகார் செய்ய வழி இருக்கிறது.

எச்-1பி விசா தருவீர்களா என்று புரோகிராம் டைரக்டருக்கு எழுதினேன், பதிலே இல்லை.

டைரக்டருக்கு ஏன் எழுதினீர்கள்? புரோகிராமின் இணையப் பக்கத்தையும் ஃப்ரைடாவையும் (புரோகிராம் விவரங்கள் உள்ள இணையத் தொகுப்பு) பாருங்கள். அங்கே தெளிவாக இல்லையென்றால் கோஆர்டினேட்டரிடம் கேளுங்கள். எச்-1பி என்றால் ஸ்டெப் 3 முடித்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஜே-1 விசா பற்றியே கேளுங்கள்.

கோஆர்டினேட்டரைக் குமாஸ்தாவாக நினைத்து எழுதுபவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். அட்டவணை, ஆவணம், விசா எல்லாம் அவர் கை வழியாகத்தான் போகின்றன. அவரிடம் நீங்கள் காட்டும் மரியாதைக் குறைவு அன்று மாலைக்குள் தேர்வுக் குழுவுக்குத் தெரியும்.

நன்றிக் கடிதம் கட்டாயமா?

இல்லை. வேண்டாம் என்று சொன்ன இடத்துக்கு அனுப்பவே கூடாது. மற்ற இடங்களுக்கு மூன்று வரி போதும்.

ஒரு நேர்காணலை ரத்து செய்ய வேண்டும். சங்கடமாக இருக்கிறது.

இரண்டு வாரம் முன்னதாகச் சொன்னால் அந்த இடம் இன்னொருவருக்குப் போகும். காரணம் எழுத வேண்டியதில்லை. சொல்லாமல் வராமல் இருப்பதற்குத்தான் மன்னிப்பில்லை.

மேட்ச் ஆகவில்லை என்றால் எஸ்.ஓ.ஏ.பி. (நிரம்பாத இடங்களுக்கு விண்ணப்பிக்கும் சுற்று) இருக்கிறதே. என் மாமா அமெரிக்காவில் டாக்டர். அவரை விட்டு இரண்டு மூன்று இடங்களில் பேசச் சொல்லலாமா?

கூடாது. மேட்ச் வாரத்தின் திங்கட்கிழமை முடிவு தெரிந்த பிறகு, புரோகிராம் உங்களை முதலில் தொடர்பு கொள்ளும் வரை நீங்களும் பேசக்கூடாது, உங்களுக்காக வேறு யாரும் பேசக்கூடாது. மீறினால் அது விதிமீறல், பல ஆண்டுகளுக்குப் பாதிக்கலாம். மாமாவிடம் இதை இப்போதே சொல்லிவிடுங்கள், அன்புமிகுதியில் அவராகவே போன் எடுத்துவிடப் போகிறார். விண்ணப்பம் ஈராஸ் வழியாக மட்டும், அதிகபட்சம் 45 இடங்களுக்கு. வியாழக்கிழமை வாய்ப்புகள் சுற்றுச் சுற்றாக வரும், ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல இரண்டு மணி நேரம்தான். அந்த வாரம் முழுக்க போன் சார்ஜில் இருக்கட்டும். வியாழக்கிழமை டியூட்டி இருந்தால் இப்போதே மாற்றிக் கேளுங்கள்.